கடல்வழி வந்த இஸ்லாம்: ஒரு துறைமுகத்தின் வரலாற்றைத் தேடி எழுதுவது எப்படி?

"அரபு வணிகர்கள் வந்தார்கள், அவர்களோடு இஸ்லாமும் வந்தது" என்ற ஒற்றை வாக்கியத்தைப் பள்ளிப் பாடநூல் முதல் ஊர் மலர் வரை எல்லா இடத்திலும் காண்கிறோம். அது பொய்யன்று, ஆனால் பல நூற்றாண்டுகளை விழுங்கிவிடுகிறது. இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட கப்பல், அரபுக் கடலோரப் பாணியில் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்டது. சீனத்துப் பீங்கான் கலங்கள் ஏறத்தாழ 60,000 அதில் இருந்தன. ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுக்கு இணையான சீன ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. அப்படியானால் 9ஆம் நூற்றாண்டிலேயே மேற்காசிய வணிகர்களின் கப்பல் சுமத்திரா அருகே போய்வந்திருக்கிறது. ஆனால் சுமத்திராவில் இஸ்லாமிய அரசர் ஒருவரின் பெயரைக் கல்லில் காண்பதற்கு 1297 வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. இடைப்பட்ட ஏறத்தாழ நானூற்றெழுபது ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதே நம் ஆய்வின் பொருள்.

ஒரு துறைமுக ஊருக்கு இஸ்லாம் எப்படி வந்தது என்று எழுத விரும்பும் மாணவர், ஆசிரியர், ஊர் வரலாற்றுக் குழுவினர் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஊர் காயல்பட்டினமாக இருக்கலாம், கோழிக்கோடாக இருக்கலாம், சுமத்திராவின் பாசையாகவும் இருக்கலாம். எங்கும் செய்ய வேண்டிய முதல் வேலை, மூன்று காலங்களைத் தனித்தனியே குறித்துக்கொள்வது: முஸ்லிம் வணிகர்களின் கப்பல்கள் வரத் தொடங்கிய காலம், அவர்கள் அங்கேயே குடியிருந்து பள்ளிவாசலும் அடக்கத்தலமும் அமைத்துக்கொண்ட காலம், உள்ளூர் மக்களோ அரசரோ இஸ்லாத்தைத் தழுவிய காலம். கையில் கிடைக்கும் ஒவ்வொரு சான்றும் இம்மூன்றில் எதைச் சொல்கிறது என்று கேட்காமல் ஒரு வரியும் எழுத வேண்டாம். இந்தத் துறையில் நேரும் குழப்பங்களில் பெரும்பாலானவை, முதலாம் காலத்தின் சான்றை மூன்றாம் காலத்துக்குப் பொருத்துவதால் வருபவை.

காற்றிலிருந்து தொடங்குங்கள்

ஆவணங்களைத் திறப்பதற்கு முன் உங்கள் துறைமுகத்தின் காற்றுக் காலங்களை எழுதிக்கொள்ளுங்கள். பாய்க்கப்பல் காலத்தில் வணிகரின் பயணத்தை முடிவு செய்தது அவருடைய விருப்பம் அன்று, பருவக்காற்று. ஏடன் பக்கத்திலிருந்து மலபார் கரைக்கு வருபவர்களுக்குத் தென்மேற்குப் பருவக்காற்று வேண்டும். ஆனால் அது உக்கிரமாக வீசும் ஜூன், ஜூலை மாதங்களில் மலபார்த் துறைகளில் நங்கூரமிட முடியாது. ஆகவே காற்றின் வேகம் தணியும் நேரம் பார்த்துப் புறப்பட்டு வந்தார்கள். திரும்புவதற்கு வடகிழக்குக் காற்றை எதிர்பார்த்திருந்தார்கள். மலாக்கா நீரிணையிலோ, மேற்கிலிருந்து வரும் கப்பலுக்கும் சீனத்திலிருந்து வரும் கப்பலுக்கும் வெவ்வேறு காற்று. ஒருவர் சரக்கை மற்றவர் வாங்க வேண்டுமானால் யாராவது ஒருவர் கரையில் பல மாதங்கள் தங்கியே ஆக வேண்டும். 1292 அளவில் சீனத்திலிருந்து திரும்பிய மார்க்கோ போலோ, காற்று மாறும்வரை சுமத்திராவில் ஐந்து மாதங்கள் காத்திருந்ததாகக் கூறுகிறார்.

இந்தக் காத்திருப்பை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். சரக்கை இறக்கிவிட்டு மறுநாளே திரும்பியிருந்தால் வணிகர் வெறும் வணிகராகவே இருந்திருப்பார். ஐந்தாறு மாதங்கள் தங்கியவருக்கு வீடு வேண்டும், சமையல் வேண்டும், தொழ இடம் வேண்டும், இறந்துபோனால் அடக்கம் செய்ய நிலம் வேண்டும். ஆண்டுதோறும் வருபவர் உள்ளூரில் மணம் முடிக்கிறார். பிள்ளைகள் தாயின் மொழியைப் பேசி, தந்தையின் மார்க்கத்தில் வளர்கிறார்கள். கரைகளில் வேரூன்றிய முதல் முஸ்லிம் சமூகங்களில் பலவும் இப்படிப் பிறந்த பிள்ளைகளின் சமூகங்களே. மரக்காயர், கேரளத்து மாப்பிள்ளை முஸ்லிம்கள், இலங்கைச் சோனகர், கிழக்காப்பிரிக்காவின் சுவாஹிலி மக்கள் ஆகியோரின் வரலாறுகளை அருகருகே வைத்துப் படித்தால் இந்த ஒற்றுமை புலப்படும்.

வந்தவருக்கும் ஊராருக்கும் இடையே உறவு எப்படி அமைந்தது என்பதற்கு 1331இல் கிழக்காப்பிரிக்காவின் மொகதிஷுவில் இறங்கிய மொராக்கோப் பயணி இப்னு பதூதா தரும் காட்சி ஒன்று போதும். கப்பல் வந்ததும் சிறு படகுகளில் இளைஞர்கள் நெருங்குகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் மூடிய உணவுத் தட்டு. அதை ஒரு வணிகரிடம் நீட்டி, "இவர் என் விருந்தாளி" என்கிறார்கள். அந்த வணிகர் அவர் வீட்டிலேயே தங்க வேண்டும். விற்பதும் வாங்குவதும் அந்த வீட்டுக்காரர் வழியாகவே நடக்க வேண்டும். விருந்தோம்பலும் தரகும் இங்கே ஒன்றாகக் கலந்திருக்கின்றன. உங்கள் ஊரில் வெளியூர் வணிகருக்கு யார் இடம் கொடுத்தார்கள், யார் பிணை நின்றார்கள், எந்தக் குடும்பத்துக்குத் தரகு உரிமை இருந்தது என்று தேடுங்கள். மதம் பரவிய வழியில் பாதி அங்கேதான் இருக்கும்.

மீசான் கற்களைப் படித்தல்

மீசான் என்பது அடக்கத்தலத்தில் நடப்படும் கல். பழைய மையவாடிகளுக்கு, அதாவது முஸ்லிம் அடக்கத்தலங்களுக்கு, செல்லும்போது முதலில் அந்தப் பள்ளிவாசலின் ஜமாஅத்தாரிடம் அனுமதி பெறுங்கள். எழுத்தைத் தெளிவாக்குவதற்காகக் கல்லில் சுண்ணமோ எண்ணெயோ தேய்க்காதீர்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் எழுந்து நிற்கும். கல்லின் நான்கு பக்கங்களையும், தலைமாட்டுக் கல், கால்மாட்டுக் கல் இரண்டையும் எடுங்கள். பெயர் ஒரு கல்லிலும் ஆண்டு மற்றதிலும் இருப்பதுண்டு.

ஆண்டு பெரும்பாலும் இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரியில் இருக்கும். அதைக் கிறித்தவ ஆண்டாக மாற்ற, 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். பாசையை ஆண்ட சுல்தான் மலிக்குஸ் ஸாலிஹின் கல்லில் 696 என்றிருக்கிறது. 0.97ஆல் பெருக்கினால் 675. அதனுடன் 622 சேர்த்தால் 1297. கிழக்கு ஜாவாவின் கிரெசிக் துறைமுகத்தில் மாலிக் இப்ராஹீமின் கல்லில் உள்ள ஹிஜ்ரி 822, இதே கணக்கில் 1419 ஆகிறது. ஓராண்டு முன்பின்னாக வரலாம் என்பதால், மாதமும் நாளும் தெரிந்தால் மாற்று அட்டவணையில் சரிபாருங்கள். ஜாவாவில் சில கற்களில் சக ஆண்டு இருக்கும். அதற்கு 78ஐக் கூட்டினால் போதும்.

பிறகு கல்லையே கல்லாகப் பாருங்கள். கிரெசிக்கில் உள்ளதும், பாசையில் 1428இல் இறந்த அரசி நஹ்ரசியாவின் அடக்கத்தலத்தில் உள்ளதும் உள்ளூர்க் கற்கள் அல்ல. குஜராத்தின் காம்பே துறைமுகத்தில் பளிங்கில் செதுக்கப்பட்டுக் கப்பலேறி வந்த வகையைச் சேர்ந்தவை. மாடக்குழி, அதற்குள் தொங்கும் விளக்கு, சுற்றிலும் குர்ஆன் வசனம் என்ற அமைப்பை ஒருமுறை கண்டவர்கள் அடுத்த முறை எளிதில் இனங்கண்டுகொள்வார்கள். துணியும் மணியும் ஏற்றி வந்த அதே வலையமைப்பு, இறந்தவரின் நினைவுக்கல்லையும் ஆயிரக்கணக்கான மைல் தொலைவுக்குக் கொண்டு சேர்த்திருக்கிறது.

ஆனால் கல் எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கிரெசிக் அருகே லெரானில் ஃபாத்திமா பின்த் மைமூன் என்ற பெண்ணின் கல் ஹிஜ்ரி 475, அதாவது 1082ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதைக் கொண்டு 11ஆம் நூற்றாண்டிலேயே ஜாவா மக்கள் இஸ்லாத்தைத் தழுவிவிட்டார்கள் என்று எழுதுவோர் உண்டு. ஒரு முஸ்லிம் பெண் அங்கே நினைவுகூரப்பட்டார் என்பதற்கு மேல் அந்தக் கல் ஒன்றும் சொல்லவில்லை. அது இரண்டாம் காலத்தின் சான்று. இதற்கு மாறாக, மஜாபாஹித் பேரரசின் தலைநகரான திரவுலானில் 1368 முதலாக வரும் கற்களைப் பாருங்கள். ஒரு பக்கம் சக ஆண்டு ஜாவானிய எண்களில். மறுபக்கம் குர்ஆன் வசனம். வெளியூர் வணிகராக இருந்திருந்தால் ஹிஜ்ரி ஆண்டை எழுதியிருப்பார்கள். உள்ளூர் நாட்காட்டியில் வாழ்ந்த, அரசவையோடு நெருக்கமான ஜாவானியர்களே முஸ்லிம்களாகியிருந்தார்கள் என்று கருதுவதற்கு இந்தக் கற்கள் வலுவான ஆதாரம். அதுவும் அந்தப் பேரரசு இந்து, பௌத்த அரசாக உச்சத்தில் இருந்தபோதே.

பயணிகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடுங்கள்

பயணக்குறிப்பு ஒன்றை மட்டும் தனியே நம்ப வேண்டாம். வடக்குச் சுமத்திராவின் பெர்லாக் ஊரைப் பற்றி எழுதும் மார்க்கோ போலோ, முஸ்லிம் வணிகர்கள் அடிக்கடி வந்து போனதால் நகரத்தார் இஸ்லாத்தைத் தழுவினார்கள் என்றும், மலைவாசிகள் தழுவவில்லை என்றும் சொல்கிறார். வணிகத்தையும் மதமாற்றத்தையும் நேரடியாக இணைக்கும் சமகாலச் சான்றுகளில் இதைவிடத் தெளிவானதை நான் கண்டதில்லை. ஆனால் அதே போலோ, தாம் ஐந்து மாதங்கள் தங்கிய சமரா நாட்டு மக்களை உருவ வழிபாட்டினர் என்கிறார். சமரா என்பது சமுத்திரா, அதாவது பாசை என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அங்கே ஐந்தாண்டுகளில் ஒரு சுல்தானின் அடக்கக்கல் எழுந்துவிடுகிறது. போலோ அரசரின் மார்க்கத்தை அறியாமல் இருந்தாரா, அல்லது அந்தச் சில ஆண்டுகளில்தான் மாற்றம் நிகழ்ந்ததா? இரண்டையும் எழுதி, முடிவைத் திறந்தே வையுங்கள். 1345 அளவில் அதே ஊருக்கு வந்த இப்னு பதூதா, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நடந்தே செல்லும், அறிஞர்களோடு மார்க்க விவாதம் செய்யும் சுல்தானைக் காண்கிறார். ஐம்பது ஆண்டு இடைவெளியில் ஓர் அரசவை எவ்வளவு மாறியது என்பதை இந்த இரு சாட்சியங்களும் சேர்ந்து காட்டுகின்றன.

அரசர் ஏன் இடம் கொடுத்தார்?

கொல்லத்தின் 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேடு ஒரு கிறித்தவத் தேவாலயத்துக்கான கொடை. அதில் சாட்சிகள் கூஃபி அரபி எழுத்திலும், பழைய பாரசீக எழுத்தான பஹ்லவியிலும், ஹீப்ரு எழுத்திலும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். கோழிக்கோட்டு முச்சுந்திப் பள்ளியின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, அவ்வூர் அரசரான சாமூதிரி வழங்கிய மானியத்தை அரபியிலும் மலையாளத்திலும் பதிவு செய்கிறது. இராமநாதபுரம் பக்கம் திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் உள்ள பாண்டியர் கல்வெட்டு, பவித்திரமாணிக்கப் பட்டினத்துச் சோனகச் சாமந்தப் பள்ளிக்கு அரசர் அளித்த கொடையைக் கூறுகிறது. பள்ளிவாசலுக்கான ஆணை பெருமாள் கோயில் சுவரில்! கல்வெட்டுத் தொகுதிகளைத் தேடுபவர்கள் பள்ளிவாசல்களை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அரசர்களின் கணக்கு எளியது. பாண்டியர் படைக்குக் குதிரை வேண்டும். குதிரை பாரசீக வளைகுடாவிலிருந்து கடல் வழியேதான் வர வேண்டும். மாபார் எனப்பட்ட சோழமண்டலக் கரைக்கும் காம்பே முதலான துறைகளுக்குமாக ஆண்டுக்கு 10,000 குதிரைகள் ஏற்றுமதியானதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். கீஷ் தீவிலிருந்து அந்த வணிகத்தை நடத்திய ஜமாலுத்தீன் தீபியின் சகோதரர் தகியுத்தீன், பாண்டிய அரசவையில் அமைச்சராகவே இருந்தார் என்றும் அவர் குறிப்பு கூறுகிறது. எனினும் பாண்டியர் முஸ்லிம் ஆகவில்லை, சாமூதிரியும் ஆகவில்லை. பாதுகாப்பும் மானியமும் கொடுத்து, தத்தம் சமயத்திலேயே நின்றார்கள்.

பாசையிலும் மலாக்காவிலும் அரசர்களே மாறினார்கள். ஏன் இந்த வேறுபாடு? இதற்கான விடையைத் தேடுவதுதான் உங்கள் கட்டுரையின் நடுப்பகுதியாக இருக்க வேண்டும். என் கணிப்பு இது: பாண்டியருக்கும் சாமூதிரிக்கும் பின்னால் கோயில்களும் நெல்வயல்களும் பிராமண நிறுவனங்களும் இருந்தன, துறைமுகம் அவர்களுடைய வருவாயில் ஒரு பகுதிதான். 1400 அளவில் பரமேசுவரா நிறுவிய மலாக்காவுக்கோ சோறு போடும் வயல்கூட இல்லை. அரிசியும் கப்பலில்தான் வந்தது. அதன் உயிரே வந்துபோகும் வணிகர்களின் நம்பிக்கையில் இருந்தது. ஷாபந்தர் எனப்பட்ட துறைமுக அதிகாரிகள் நால்வர் அங்கே வணிகச் சமூகங்களைப் பிரித்துக் கவனித்தார்கள்: குஜராத்தியருக்கு ஒருவர், தமிழர், வங்காளர் முதலியோருக்கு ஒருவர், ஜாவா முதலிய தீவினருக்கு ஒருவர், சீனர் முதலியோருக்கு ஒருவர். குஜராத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்த வணிகர்களில் கணிசமானோர் முஸ்லிம்கள். அவர்களுக்குக் கடன், பங்கு, வாரிசுரிமை, திருமணம் ஆகியவற்றில் பொதுவான சட்டமும், வழக்கைத் தீர்க்கக் காஜியும் தேவைப்பட்டார்கள். ஒருவர் முதல் போட, இன்னொருவர் கடலோடி விற்று வந்து இலாபத்தைப் பங்கிடும் முளாரபா ஒப்பந்தம் காம்பேயிலும் ஏடனிலும் ஒரே மாதிரி செல்லுபடியாகும்போது, அந்தச் சட்டம் நடக்கும் துறைமுகத்தையே வணிகர் விரும்புவார். 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாக்கா அரசர் இஸ்லாத்தைத் தழுவியதை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். ஆயினும் இலாபம் மட்டுமே காரணம் என்று முடித்துவிடுவது, நம்பி வாழ்ந்த மக்களுக்குச் செய்யும் அநீதி. வணிகரோடு அதே கப்பலில் அறிஞர்களும் சூஃபிகளும் வந்தார்கள். வணிகர் இடத்தை உண்டாக்கினார், ஓதிக் கொடுத்தவர் அவர் அல்லர்.

மரபுக்கதைகளை எறிந்துவிடாதீர்கள்

சேரமான் பெருமாள் மக்கா சென்ற கதை, பாசை அரசர் கனவில் நபிகள் நாயகத்தைக் கண்ட கதை போன்றவற்றை நாள்குறிப்பாகவும் கொள்ளக் கூடாது, குப்பையாகவும் ஒதுக்கக் கூடாது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொன்னானியில் எழுதிய சைனுத்தீன் மக்தூம், சேரமான் கதையைப் பதிவு செய்துவிட்டு, அது நபிகளின் காலத்தில் நடந்திருக்காது, ஹிஜ்ரி இருநூறுக்குப் பின்னரே நடந்திருக்கலாம் என்று கருதுகிறார். மார்க்க அறிஞரே இவ்வளவு நிதானமாகப் பேசியிருக்கும்போது நாம் அவசரப்பட வேண்டியதில்லை. கதையில் ஆண்டைத் தேடாமல் பாதையைத் தேடுங்கள். பாசை மரபில், மக்காவிலிருந்து புறப்படும் கப்பல் வழியில் சோழமண்டலக் கரையான மாபாரைத் தொட்டு, அங்கே அரசைத் துறந்து ஃபக்கீரான ஒருவரை ஏற்றிக்கொண்டு சுமத்திரா செல்கிறது. கதையைச் சொன்னவர்கள் தங்கள் மார்க்கம் வந்த கடல்வழியில் தமிழ்க் கரை இருந்ததை அறிந்திருந்தார்கள் என்பது உறுதியாகிறது.

மாலத்தீவில் கதையும் ஆவணமும் அருகருகே கிடைப்பதால் அது நல்ல பயிற்சிக்களம். 1153இல் அரசர் மாறியதை, கடலிலிருந்து வரும் பூதத்தைக் குர்ஆன் ஓதி விரட்டிய அபுல் பரகாத் என்ற வெளிநாட்டவரின் கதையாக இப்னு பதூதா கேட்டு எழுதுகிறார். அவர் மக்ரிபை (வடமேற்கு ஆப்பிரிக்காவை) சேர்ந்த பர்பரியா, பாரசீகத்துத் தப்ரீஸியா என்ற சர்ச்சை இன்றும் உண்டு. புள்ளியிடாத அரபி எழுத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். 12ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த செப்பேடுகளோ, பௌத்த விகாரங்கள் அழிக்கப்பட்டுப் பள்ளிவாசல்கள் எழுந்ததை அரசாணையின் குரலில் கூறுகின்றன. வணிகத்தால் அமைதியாகப் பரவியது என்ற பொதுக்கூற்று பல கரைகளுக்குப் பொருந்தும். எல்லாத் தீவுக்கும் பொருந்தாது. கிடைத்ததை மறைக்காமல் எழுதுங்கள்.

மத்ஹபு, எழுத்து, கட்டடம்

ஊரார் எந்த மத்ஹபை, அதாவது இஸ்லாமியச் சட்ட மரபை, பின்பற்றுகிறார்கள் என்று கேளுங்கள். ஏமன், ஹத்ரமவுத், கிழக்காப்பிரிக்கக் கரை, மலபார், மாலத்தீவு, இலங்கை, காயல்பட்டினம், கீழக்கரை, சுமத்திரா, ஜாவா ஆகிய இடங்களிலெல்லாம் ஷாஃபி மத்ஹபே மேலோங்கியிருக்கிறது. தமிழ்நாட்டின் உட்பகுதிகளுக்குள் சென்றால் இராவுத்தர்களிடையே ஹனஃபி மத்ஹபு. வட இந்தியாவிலும் பெரும்பாலும் அதுவே. ஒரே மாவட்டத்துக்குள்கூடக் கடற்கரை ஊருக்கும் உள்நாட்டு ஊருக்கும் இடையே இந்தக் கோட்டை வரைய முடியும். தரைவழி வந்ததையும் கடல்வழி வந்ததையும் பிரித்துக் காட்டுவதில் இதற்கு நிகரான அடையாளம் வேறில்லை.

எழுத்தும் அப்படியே. உள்ளூர் ஒலிகளுக்காக அரபி எழுத்தில் புதிய குறிகளைச் சேர்த்துத் தமிழை அரபுத்தமிழாகவும், மலையாளத்தை அரபி மலையாளமாகவும், மலாயை ஜாவியாகவும் எழுதினார்கள். வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் பழைய கிதாபுகளை (நூல்களை) கேட்டுப் படமெடுத்து வையுங்கள்.

கட்டடத்தில் பாணியை மட்டும் பார்க்காமல் அளவின் வளர்ச்சியையும் பாருங்கள். கென்யக் கரையின் ஷங்காவில் நடந்த அகழாய்வில், 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த, மரத்தாலான சிறு பள்ளிவாசல் அடியில் இருக்க, அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய பள்ளிவாசல்களும், இறுதியில் பவளக்கல்லால் ஆனதும் எழுந்தது வெளிப்பட்டது. சிலர் மட்டும் தொழுத இடம் ஊரே தொழும் இடமாகியதை மண்ணடுக்குகளே கணக்கிட்டுக் கொடுக்கின்றன. கீழக்கரையின் கல்தூண் பள்ளிவாசல், கோழிக்கோட்டில் கப்பல் முதலாளி நகுதா மித்கால் கட்டிய அடுக்குக் கூரைப் பள்ளிவாசல், ஜாவாவின் தெமாக் பள்ளிவாசல் மூன்றும் உள்ளூர்த் தச்சர், சிற்பியரின் கைவண்ணத்தைத் தாங்கி நிற்கின்றன.

முடிவை எதிர்ச்சான்றால் சோதியுங்கள்

வணிகம் இருந்தால் மதமாற்றம் நிகழும் என்று எழுதத் தோன்றும்போது பாலித் தீவை நினைத்துப் பாருங்கள். ஜாவாவுக்கு அடுத்த கரை, அதே கடல்வழி, அதே வணிகர்கள்; ஆனாலும் அத்தீவு இந்து சமயத்திலேயே நின்றது. அடுத்து, வணிகப்பாதை உடைந்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்ததும் முஸ்லிம் வணிகர்கள் அச்சே, பாந்தன், புருனே போன்ற துறைகளுக்குச் சிதறினார்கள். அவர்கள் சேர்ந்த துறைகள் வளர்ந்தன. மசாலாத் தீவுகளுக்குச் செல்லும் வழியில் முக்கியத் துறையாக வளர்ந்த, சுலாவெசித் தீவின் மகாசாரில், தல்லோ, கோவா (இந்தியாவின் கோவா அன்று) அரசர்கள் 1605இல் இஸ்லாத்தைத் தழுவினார்கள். ஐரோப்பியர் அடைக்க முயன்ற காலத்திலேயே இஸ்லாம் கிழக்கே மேலும் விரிந்தது.

பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் நாகூர் தர்காவும் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. தமிழ் முஸ்லிம்கள் குடிபெயர்ந்து தங்கள் மார்க்க வாழ்வை உடன் கொண்டுசென்றதன் சான்றுகள் அவை. அக்கரை மக்கள் இஸ்லாத்தை ஏற்றது அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னதாகவே. இவ்விரண்டையும் ஒரே அத்தியாயத்தில் கலக்காதீர்கள்.

எழுதும்போது ஒவ்வொரு கூற்றுக்கும் அருகில் அதன் சான்று கல்லா, செப்பேடா, பயணியின் குறிப்பா, வாய்மரபா என்று குறிப்பிடுங்கள். ஹிஜ்ரி, சக ஆண்டுகளை மூலத்தில் உள்ளபடியே முதலில் தந்து, மாற்றிய ஆண்டை அதன் பின் தாருங்கள். எடுத்த படங்களின் ஒரு படியை அந்த ஜமாஅத்திடமே கொடுத்துவிடுங்கள். உப்புக்காற்றில் அடுத்த தலைமுறைக்குள் கல்லில் எழுத்து மிஞ்சாமல் போகும் ஊர்கள் நம் கரையில் பல.